இரண்டு தலைநகரங்களின் மாகாணம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் புவியியல் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்த தென்னாப்பிரிக்க மாகாணமான குவாஜூலு-நட்டாலுக்கு இரண்டு தலைநகரங்கள் இருந்தன. ஒன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க். செங்கல் கட்டடங்களும் பெரிய நகர மன்றமும் நேர்நேரான தெருக்களும் கொண்ட பழைய காலனி நகரம். மற்றது உலுண்டி. வெள்ளை உம்ஃபொலோசி ஆற்றுக்கு வடக்கே, முள்மரங்கள் நிற்கும் வறண்ட சமவெளியில், நிறவெறி அரசு ஜூலு மக்களுக்கென்று ஒதுக்கிய தாயகத்தின் தலைநகராக எழுந்த ஊர். ஒரே சட்டமன்றம் இந்த இரண்டு ஊர்களிலும் கூடியது. இடையில் பல மணி நேர மலைப்பாதை. அதிகாரிகள் கோப்புப் பெட்டிகளோடு அந்தப் பாதையில் போய்வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுடைய வண்டிகள் எங்கள் பள்ளிக்கூடத்து மேட்டுக்குக் கீழே தார்ச்சாலையில் விரைவதை வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

வீண்செலவு என்று அதைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதாத வாரம் இல்லை. அங்கே வாழ்ந்த எங்களுக்கு அது வீணாகத் தோன்றவில்லை. ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த இரண்டு தரப்புகள் ஒரே மாகாணத்தில் தங்குவதற்குக் கொடுத்த விலை அது.

1994 ஏப்ரல் வரை குவாஜூலு-நட்டால் என்ற மாகாணமே கிடையாது. 1910-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது இருந்த நான்கு மாகாணங்களில் நட்டால் ஒன்று. அதன் உடலுக்குள்ளேயே குவாஜூலு என்னும் தாயகம் டஜன் கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. 1977-இல் அதற்குத் தன்னாட்சி கொடுத்தார்கள். அதன் முதலமைச்சர் மாங்கோசூத்து புத்தலேசி, டிரான்ஸ்கை தாயகத்தைப் போலப் பெயரளவில் ஒரு சுதந்திர நாடாவதற்கு மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அவருடைய இன்காத்தா கட்சி 1994 தேர்தலைப் புறக்கணிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் உள்ளே வந்தது. வாக்குச்சீட்டுகள் அதற்குள் அச்சாகியிருந்தன. கட்சியின் பெயரையும் தலைவரின் படத்தையும் தனித்தாளில் அச்சடித்து ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒட்டினார்கள். மாகாணச் சட்டமன்றத்தின் 81 இடங்களில் இன்காத்தாவுக்கு 41 கிடைத்தன. மருத்துவரான ஃபிராங்க் ம்ட்லாலோசே முதல் மாகாண முதல்வரானார். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் 26 இடங்களோடு அவருடைய அமைச்சரவையில் சில நாற்காலிகளை ஏற்றது.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்த வரைபடத்துக்கு இதெல்லாம் தெரியாது. அது பழைய நட்டாலின் படம். வெளிர் நிறத்தில் மாகாணம். அதன்மேல் அடர்நிறத் திட்டுகளாகக் குவாஜூலு. சில திட்டுகள் ஒரு கைப்பிடி அளவு, சில ஒரு நகக்கண் அளவு. என் மாணவர்கள் அனைவரும் அடர்நிறத்தில் பிறந்தவர்கள். தத்தம் வீட்டிலிருந்து டர்பன் துறைமுகம் வரைக்குமான பாதையை விரலால் தொட்டுக்கொண்டு போகச் சொல்வேன். விரல் நிறம் மாறும் இடங்களை அவர்கள் எண்ணிக்கொண்டே போவார்கள். டர்பனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் உம்லாசி குடியிருப்புக்கூட அந்தப் படத்தில் அடர்நிறம்தான். நகரத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பேருந்தில் அரை மணி நேரம் போனால் இன்னொரு ஆட்சிக்குள் தூங்கப்போகலாம். ஒரு மாணவி என்னிடம், “திஷா, இந்தக் கோடுகளை யார் முதலில் போட்டது?” என்று கேட்டாள். ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு பருவம் முழுவதும் பிடித்தது.

பிரிட்டிஷார் 1843-இல் நட்டாலைத் தங்கள் காலனி என்று அறிவித்தபோது துகேலா ஆற்றை வடக்கு எல்லையாக வைத்தார்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஜூலு அரசு, இந்தப்பக்கம் காலனி. இந்தப்பக்கத்திலிருந்த ஆப்பிரிக்கர்களை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தியோஃபிலஸ் ஷெப்ஸ்டன் என்ற அதிகாரி ஒரு வழி கண்டார். 1846-ஐ ஒட்டி அவர்களுக்கென்று தனித்தனி ஒதுக்கிடங்களை அளந்து, தலைவர்கள் வழியாக ஆளத் தொடங்கினார். செலவு குறைவு, படை குறைவு. கோடுகளின் தொடக்கம் அங்கேதான். 1878 டிசம்பரில் துகேலாவின் கழிமுகத்துக்கு அருகே ஓர் அத்திமரத்தடியில் ஜூலு மன்னர் கெட்ஷ்வாயோவின் தூதர்களிடம் ஏற்கவே முடியாத நிபந்தனைகளைப் படித்துக் காட்டினார்கள். 1879 ஜனவரி 22 அன்று இசண்டில்வானாவில் ஜூலு படை பிரிட்டிஷ் படையை அழித்தது. அதே ஆண்டு ஜூலையில் உலுண்டியில் மன்னரின் தலைநகர் தீக்கிரையானது. 1887-இல் ஜூலுலாந்து பிரிட்டிஷாருக்கு. 1897-இல் நட்டாலோடு இணைப்பு. 1902 முதல் 1904 வரை ஒரு எல்லைக் குழு வேலை செய்து அந்த நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை வெள்ளையர் குடியேற்றத்துக்கு ஒதுக்கியது. பிறகு, ஆப்பிரிக்கர் நிலம் வாங்குவதை ஒதுக்கிடங்களுக்குள் முடக்கிய 1913-இன் நிலச் சட்டம். தாயகத்தை உண்டாக்கிய பிரிட்டோரியாக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஷெப்ஸ்டனின் அளவுகோல்களையே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாக இருக்கும். அவர்களுடைய தாத்தாக்களின் கதை இது. தேதிகளோடு யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் நிர்வாகத்தைச் சொல்ல முடியாது. மாகாணத்தின் பரப்பு 94,361 சதுர கிலோமீட்டர். தென்னாப்பிரிக்காவில் இது பெரிய மாகாணம் இல்லை. ஆனால் கடலிலிருந்து மேற்கே 200 கிலோமீட்டர் போவதற்குள் தரை 3,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடும். கரையில் இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பும் கரும்புக் காடும். நடுநிலத்தில் மூடுபனி, பால் பண்ணைகள், காகிதத்துக்காக நட்ட மரத்தோப்புகள். மேற்கில் டிராக்கன்ஸ்பர்க் மதில், அதற்கப்பால் லெசோத்தோ. துகேலா அந்த மதிலின் விளிம்பிலிருந்து 948 மீட்டர் படிப்படியாக விழுந்து, மாகாணத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. வடகிழக்கு மூலை முற்றிலும் வேறு உலகம். மொசாம்பிக் எல்லைவரை மணல்வெளி, ஏரிகள், நீர்யானைகள், முன்னோர் காலத்துக் குச்சிப் பொறிகளில் மீன் பிடிக்கும் கோசி விரிகுடா. நல்ல மழையும் ஆழமான மண்ணும் உள்ள கரையும் நடுநிலமும் பெரும்பாலும் வெளிர்நிறம். பள்ளத்தாக்குகளும் செங்குத்துச் சரிவுகளும் மலேரியா மணல்வெளியும் அடர்நிறம். மழை வரைபடத்தையும் தாயக வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும், நான் பேச வேண்டியதே இல்லை.

நான் சேர்ந்த ஆண்டுகளில் மாகாணம் தன்னைத் தைத்துக்கொண்டிருந்தது. கல்வித் துறையை மட்டும் சொல்கிறேன், அதுதான் எனக்கு நேரே தெரியும். ஒரே நிலப்பரப்பில் ஐந்து கல்வித் துறைகள் இருந்தன. வெள்ளைக் குழந்தைகளுக்கு ஒன்று, இந்தியக் குழந்தைகளுக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, வெள்ளையர் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்கருக்கு ஒன்று, குவாஜூலுவுக்கு ஒன்று. ஐந்துக்கும் தனித்தனிச் சம்பளப் பட்டியல், தனித்தனி ஆய்வாளர்கள், தனித்தனிக் கோப்பு எண்கள். குழந்தை ஒன்றுக்கு ஆன செலவில் மலைக்கும் மடுவுக்கும் இருந்த வித்தியாசத்தை எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரையும் டர்பன் பெரியா குன்றின்மேல் இருந்த பள்ளிகளின் நீச்சல் குளங்களும் சொல்லும். இந்த ஐந்தையும் ஒன்றாக்கியவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. முன்பு வெள்ளையர் துறையில் இருந்த அதிகாரியும் குவாஜூலு துறையில் இருந்த ஆய்வாளரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஆசிரியர் பட்டியலைச் சரிபார்த்த அந்த ஆண்டுகள்தான் எனக்கு விடுதலையின் உண்மையான உருவம். கொடி மாறிய நாளைவிட அது பெரிது என்று இன்றும் நினைக்கிறேன்.

சட்டமன்றமும் பெரிதாகக் கனவு கண்டது. 1996 மார்ச்சில் மாகாணத்துக்கென்று ஒரு தனி அரசியலமைப்பை ஒருமனதாக நிறைவேற்றினார்கள். நாட்டிலேயே முதல் மாகாண அரசியலமைப்பு அது. செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதற்குச் சான்றளிக்க மறுத்தது. மாகாணத்துக்கு இல்லாத அதிகாரங்களையெல்லாம் மாகாணம் எடுத்துக்கொள்கிறது என்பது நீதிபதிகளின் முடிவு. அதற்குப் பிறகு குவாஜூலு-நட்டால் தனி அரசியலமைப்பு இல்லாமலே இருந்துவருகிறது.

மேசைக்கு வெளியே துப்பாக்கி ஓயவில்லை. எண்பதுகளின் நடுவிலிருந்து இன்காத்தா ஆதரவாளர்களுக்கும் காங்கிரஸ் ஆதரவாளர்களுக்கும் நடந்த சண்டையில் ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். நிறவெறி அரசின் பாதுகாப்புப் படைகள் அந்தத் தீக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது பின்னால் உண்மை ஆணையத்தில் வெளிவந்தது. 1995 கிறிஸ்துமஸ் நாளன்று தென்கடற்கரையில் ஷோபாஷோபானே என்ற சிற்றூருக்குள் நூற்றுக்கணக்கானோர் புகுந்து காங்கிரஸ் குடும்பங்களை வெட்டிச் சாய்த்தார்கள். நாட்டின் பெரும்பகுதியில் 1995 நவம்பரில் முடிந்த உள்ளாட்சித் தேர்தல் இங்கே 1996 ஜூன் வரை தள்ளிப்போனது.

எங்கள் பள்ளியில் வரலாறு நடத்தியவர் என்னைவிட மூத்தவர். நான் அவரைப் பாபா என்பேன். அவர் என்னை ம்ஃபோவெத்து, உடன்பிறந்தவனே என்பார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை ஒட்டிய எடன்டேல் பள்ளத்தாக்கில் அவர் வீடு இருந்தது. 1990 மார்ச் இறுதியில் நடந்த ஏழு நாள் போரில் அது எரிந்தது. அந்த ஒரு வாரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து பல்லாயிரம் பேர் ஓடினார்கள். அப்படி ஓடிய அவர் பிழைப்புக்காக வந்து சேர்ந்ததோ இன்காத்தாவின் கோட்டையான எங்கள் பக்கம். தான் எங்கிருந்து வந்தவர் என்பதை ஆசிரியர் அறையில் அவர் சொன்னதில்லை. மாலையில் என் அறையில் உட்கார்ந்து நான் போட்ட இஞ்சித் தேநீரைக் குடிக்கும்போது மட்டும் சொல்வார். ஒரு முறை கேட்டேன்: “பாபா, இந்த இரண்டு கட்சியும் ஒரு நாள் சேர்ந்து ஆளுமா?” அவர் பதில் சொல்லாமல் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

விடுமுறைகளில் நான் மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போவேன். காலனி அரசின் இந்தியக் குடியேற்றத் துறைத் தாள்கள் அங்கே இருக்கின்றன. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனில் வந்து நின்றதில் தொடங்கி, 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர், தமிழரும் தெலுங்கரும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு. வட ஆற்காடு, செங்கல்பட்டு, திருச்சினாப்பள்ளி என்று ஆங்கிலக் கையெழுத்தில் வரிசையாக ஓடும் ஜில்லாப் பெயர்களைப் படிக்கையில், அந்தப் பேனாவைப் பிடித்த குமாஸ்தாவின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதே சமயம் அந்தக் குமாஸ்தா எழுதியிருக்காவிட்டால் இந்த மனிதர்களுக்கு ஊரே இல்லாமல் போயிருக்கும்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் என் மாணவியின் கேள்வியும் என் மொழிக்காரர்களின் கதையும் ஒன்றாகச் சேர்ந்தன. ஒதுக்கிடங்களில் கொஞ்சமாவது நிலமும் மாடும் இருந்த ஜூலு ஆண்கள் கரும்புத் தோட்டங்களில் அடிமைபோல் உழைக்க வரவில்லை. தோட்டக்காரர்கள் ஆள் கேட்டு அரசை நெருக்கினார்கள். அதனால்தான் கப்பல் சென்னைக்கு வந்தது. ஒரு மக்களைக் கோட்டுக்குள் அடைத்த நிர்வாகமே இன்னொரு மக்களை எண் போட்டு இறக்கியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மீது 1895-இல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்ததும் அதே நிர்வாகம்தான். 1913-இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வேலைநிறுத்தம் செய்து நடந்தவர்கள் அந்த வரியை எதிர்த்தே நடந்தார்கள்; மறு ஆண்டு அது நீங்கியது. பின்னாளில் குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் இந்தியர்களைச் சேட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் குடிவைத்தபோது, வெள்ளையர் பகுதிக்கும் ஆப்பிரிக்கர் குடியிருப்புக்கும் நடுவில் இடைவேலியாகவே வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் இரண்டு மக்களும் ஒருவர் மொழியை ஒருவர் கற்காமலே ஒரு தலைமுறை போய்விட்டது.

சேட்ஸ்வொர்த்தில் எனக்கு வீட்டுச் சாப்பாடு போட்ட ஒரு பாட்டி “தம்பி, கூழ் குடிச்சிட்டுப் போங்க” என்று தமிழில் சொல்வார். மற்றதெல்லாம் அவருக்கு ஆங்கிலத்தில்தான் வரும். பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கூழும் வராது. மாரியம்மன் கோயில் கூழும் காவடியும் தீமிதியும் தடையில்லாமல் நடந்தன. ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1996-இன் நாட்டு அரசியலமைப்பு தமிழை மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகப் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. அதை வளர்க்கும் வேலையைச் செய்வதோ, கோயில் வளாகங்களில் வாரக்கடைசி வகுப்பு எடுக்கும் சம்பளமில்லாத ஆசிரியர்கள்.

பல ஆண்டுகள் கழித்து, 2025-இல், மறுபடி அங்கே போனேன். பழைய விமான நிலையத்தை மூடிவிட்டு, கரும்பு விளைந்த லா மெர்சியில் 2010-இல் திறந்த ஷாகா மன்னர் விமான நிலையத்தில் இறங்கினேன். டர்பனில் ஸ்மித் தெரு அன்டன் லெம்பேடே தெருவாகியிருந்தது. பாயின்ட் சாலை மகாத்மா காந்தி சாலை. எங்கள் ஆட்கள் துணிக்கடை வைத்திருந்த கிரே தெரு யூசுஃப் டாடூ தெரு. வாய் இன்னும் பழைய பெயர்களைச் சொல்கிறது என்றாலும் மாற்றம் சரியானது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அது என்னை நிற்கவே வைத்துவிட்டது. லூப் தெருவுக்கு ஜாபு ந்ட்லோவுவின் பெயர். 1989-இல் இம்பாலி குடியிருப்பில் வீட்டைத் தாக்கிக் கொளுத்தியபோது உயிரிழந்த தொழிற்சங்கப் பெண் அவர். சட்டமன்றம் பழைய காலனிக் கட்டடத்திலேயே கூடுகிறது. அது நிற்கும் தெருவின் பெயர் இப்போது லங்கலிபலேலே. அந்தப் பெயருக்குரிய ஹ்லுபி இனத் தலைவரை 1873-இல் கலகக்காரர் என்று பிடித்து, ஷெப்ஸ்டன் கூட்டம் நடத்திய விசாரணைக்குப் பின் ராபன் தீவுக்கு அனுப்பியது அந்தக் காலனி.

2004 தேர்தலுக்குப் பிறகு தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஒன்றுதான். உலுண்டிக்கும் போய்வந்தேன். சட்டமன்றக் கட்டடம் பெரிதாக, பராமரிப்போடு நிற்கிறது. அரசு அலுவலகங்கள் சில இயங்குகின்றன. கூட்டத்தொடர் நாட்களில் தங்கும் விடுதிகளும் பெட்ரோல் நிலையங்களும் நிரம்பிவழிந்த பரபரப்பு மட்டும் போய்விட்டது. 2023 செப்டம்பரில் புத்தலேசி மறைந்தபோது அந்த ஊர் ஒரு முறை முழு நாட்டையும் தன் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

நிர்வாகப் படம் அடியோடு மாறியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் மாகாணத்தில் உள்ளாட்சிக்கு வெளியே ஒரு சதுர அடி நிலம் கிடையாது: டர்பனைச் சுற்றி எத்தெக்வினி மாநகராட்சி, மீதிக்குப் பத்து மாவட்ட நகராட்சிகள், அவற்றுக்குள் உள்ளூர் நகராட்சிகள். தாயக எல்லைகளைப் பொருட்படுத்தாமல் ஆற்றுப் படுகைகளையும் மக்கள் போய்வரும் பாதைகளையும் பார்த்து எல்லை போட்டார்கள். மாவட்டப் பெயர்களிலேயே வரலாறு நகர்ந்தது. ஒன்று மன்னர் கெட்ஷ்வாயோ, ஒன்று காங்கிரஸின் முதுபெரும் போராளி ஹாரி க்வாலா. டிரான்ஸ்கையின் மிச்சமாக, நாற்புறமும் குவாஜூலு-நட்டால் சூழக் கிழக்குக் கேப்புக்குச் சொந்தமாக இருந்த உம்சிம்குலு 2006 மார்ச்சில் இந்தப் பக்கம் சேர்ந்தது. அதற்கான அரசியலமைப்புத் திருத்தத்திலேயே மட்டாட்டியேலே நகரம் கிழக்குக் கேப்புக்குப் போனது. மட்டாட்டியேலே மக்கள் நீதிமன்றம் போனார்கள். எங்களைக் கேட்காமல் எப்படி மாற்றலாம் என்பதே வழக்கு. மாகாணச் சட்டமன்றம் மக்கள் கருத்தைக் கேட்காதது தவறு என்று 2006-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றம் அவகாசம் கொடுத்தது, நாடாளுமன்றம் 2007-இல் இன்னொரு திருத்தம் போட்டு முன்செய்ததையே உறுதி செய்தது. மட்டாட்டியேலே கைவிட்டுப் போனது போனதுதான். ஆனாலும் ஷெப்ஸ்டனை யாரும் நீதிமன்றத்துக்கு இழுத்ததில்லை. கோடு போடுகிறவர்கள் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தப் புதிய படத்துக்கு அடியில் பழைய படம் இன்னும் கிடக்கிறது. 1994 தேர்தலுக்கு முந்தைய நாட்களில் குவாஜூலு சட்டமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டு, தாயக நிலங்களை இங்கோன்யாமா அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஜூலு மன்னரே அதன் ஒரே அறங்காவலர். 28 லட்சம் ஹெக்டேர். மாகாணத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். அந்த நிலத்தில் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்களிடம் வாடகைக் குத்தகைப் பத்திரம் எழுதி வாங்கியது சட்டவிரோதம் என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. மன்னர்மேல் மக்களுக்குள்ள பக்தி உண்மையானது. குத்தகைச் சீட்டோடு வந்து நின்ற விதவைகளின் அச்சமும் உண்மையானது. இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தேன்.

அதே 2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறை சென்றதை ஒட்டி மூண்ட கலவரத்தில் நாடு முழுவதும் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், இந்தியக் குடியிருப்பின் சாலைத் தடுப்புகளில் கொல்லப்பட்டவர்கள் பலர். இந்தியர்களுக்கு எதிரான 1949 டர்பன் கலவரத்தையும் 1985-இல் இனாண்டாவில் காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பு எரிந்ததையும் நினைவில் வைத்திருந்தவர்கள் பயத்தில் துப்பாக்கி எடுத்தார்கள் என்று சிலர் எனக்கு விளக்கினார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அந்தக் கொலைகளை நான் ஏற்க முடியாது. இடைவேலியாகக் குடிவைக்கப்பட்டவர்கள் தாங்களே வேலி கட்டிக்கொண்ட வாரம் அது. மறு ஆண்டு ஏப்ரலில் வந்த வெள்ளம் டர்பனின் சரிவுகளை அறுத்துக்கொண்டு போனபோது நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சேட்ஸ்வொர்த்தில் எனக்குக் கூழ் ஊற்றிய பாட்டி இப்போது இல்லை. அவருடைய பேத்தி, அந்த வெள்ளத்தில் உம்லாசியிலிருந்து ஓடிவந்த குடும்பங்களுக்குக் கோயில் மண்டபத்தில் வாரக்கணக்கில் சமைத்துப் போட்டதை எனக்குச் சொன்னாள். சொல்லும்போது ஜூலுச் சொற்கள் தடங்கலில்லாமல் வந்தன.

பாபாவைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சந்தித்தேன். ஓய்வுபெற்று, எடன்டேலில் பழைய மனையிலேயே வீடு கட்டியிருக்கிறார். 2024 தேர்தலில் ஜூமாவின் புதிய கட்சி 80 இடங்களில் 37 பிடித்துத் தனிப்பெரும் கட்சியாக வந்தது. அதை எதிர்த்து இன்காத்தாவும் காங்கிரஸும் ஜனநாயகக் கூட்டணியும் ஓரிடம் பெற்ற இன்னொரு கட்சியும் கைகோத்தன. கூட்டினால் 41. முப்பது ஆண்டுக்கு முன் ஒரே கட்சி வைத்திருந்த அதே எண், இந்த முறை நான்கு கட்சிக்குள் பங்கு. இன்காத்தாவின் தாமி ந்டூலி முதல்வர். அவைத் தலைவர் காங்கிரஸ்காரர். எடன்டேலில் வீடுகளைக் கொளுத்திய கொடிகளும் பறிகொடுத்த கொடிகளும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்திருக்கின்றன. பதவியேற்பைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகப் பாபா சொன்னார். “ம்ஃபோவெத்து, அன்றைக்கு நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் அவர்களை நான் நம்பவில்லை. ஆனால் சண்டை போட வேண்டுமென்றால் பட்ஜெட்டில் போடட்டும். என் பேரன் அதில் எரியமாட்டான்.”

அவரிடமிருந்து வடகிழக்கே போனேன், பழைய மாணவர் ஒருவரைப் பார்க்க. விரலால் வரைபடத்தைத் தொட்டவர்களில் அவரும் ஒருவர். இப்போது ஒரு மாவட்ட நகராட்சியில் குடிநீர்த் திட்டப் பொறியாளர். பொங்கோலா ஆற்றின் குறுக்கே எழுபதுகளில் முடிந்த ஜோசினி அணை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடல்போலத் தண்ணீர்; அதைப் பார்த்தபடி நிற்கும் மேட்டுக் கிராமங்களுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. அணை கட்டியவர்களுக்குக் கரும்புப் பாசனம்தான் நோக்கம், கிராமங்கள் அவர்கள் கணக்கில் வரவில்லை. அவர் தன் மடிக்கணினியில் குழாய்ப் பாதைகளைத் திறந்து காட்டினார். நீலக் கோடுகள் ஓடிவந்து சட்டென்று நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். அவற்றின்மேல் பழைய தாயக எல்லையைப் போட்டார். பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒன்றாக விழுந்தன.

“திஷா, கட்சி மாறும், முதல்வர் மாறுவார். இந்த இடத்துக்கு அந்தப் பக்கம் குழாய் போகிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி” என்றார். மறு வாரம் மாரிட்ஸ்பர்க்கில் நிதி ஒதுக்கீட்டுக் கூட்டம் இருந்தது. மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளிக்கூடம் வரை ஒரு நீலக் கோட்டை நீட்டி, மதிப்பீட்டோடு அனுப்பியிருந்தார். அதன் அச்சுப்படி ஒன்றை என்னிடம் கொடுத்து, சரிவின் அளவுகளைச் சரிபார்த்துச் சொல்லச் சொன்னார். இரவு வெகுநேரம் உட்கார்ந்து சமவுயரக் கோடுகளை எண்ணினோம்.